ஏரும் எழுதுகோலும்

உழவன் நிலத்தை உழுகின்றான், விதைக்கின்றான், களை பறிக்கின்றான், காவல் காக்கின்றான். விளைவு அவன் உழைப்பின் பயனே. எனினும், நல்ல விதை பருவத்தில் கிடைத்தலும், விளைந்த பொருளுக்குத் தக்க விலை வருதலும், ஊருக்குச் சாலை அமைதலும் அவன் ஒருவனால் ஆகக்கூடியவை அல்ல. இவற்றைக் கவனித்தற்பொருட்டே அரசினர் துறைகளை அமைத்துள்ளனர்.

அத்துறைகள் தோன்றிய வரலாறு துயரம் நிறைந்தது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும் பஞ்சத்தில் பல இலட்சம் மக்கள் மாண்டனர். அதன்பின் அமைந்த பஞ்ச ஆய்வுக் குழுவினர், மாகாணந்தோறும் வேளாண்மைத் துறை வேண்டும் என்று 1880-இல் பரிந்துரைத்தனர். பசி கற்பித்த பாடமே துறையாக உருப்பெற்றது எனலாம்.

1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பு, வேளாண்மையை மாநிலங்களின் பொறுப்பில் வைத்தது. நடுவண் அரசோ, நாடு முழுமைக்கும் பொதுவான கொள்கை வகுத்தல், குறைந்தபட்ச ஆதரவு விலையை அறிவித்தல், ஆராய்ச்சியை வளர்த்தல், நிதி உதவுதல் ஆகியவற்றைச் செய்கின்றது. தமிழ்நாட்டில் வேளாண்மை இயக்குநரின் கீழ் மாவட்டந்தோறும் இணை இயக்குநரும், வட்டாரந்தோறும் உதவி இயக்குநரும் உளர். உதவி வேளாண்மை அலுவலர் ஊர்தோறும் சென்று உழவரைக் காண்பவர். குடிநீர், சாலை, வீட்டு வசதி முதலியவற்றை ஊரக வளர்ச்சித் துறையினர் கவனிக்கின்றனர். வட்டார வளர்ச்சி அலுவலர் அத்துறையைச் சார்ந்தவர்.

இவ்வமைப்பு ஒரு சங்கிலி போன்றது. நெற்பயிரில் பூச்சி கண்டது என்று கொள்வோம். உழவன் உரைக்க வேண்டும். களத்து அலுவலர் வந்து காண வேண்டும். தாக்குதல் பரவுமாயின் மேலதிகாரிகட்கு உடனே அறிவிக்க வேண்டும். அவர் தக்க அறிவுரையும் மருந்தும் காலத்தில் கிடைக்கச் செய்ய வேண்டும். இவற்றுள் ஒரு கண்ணி அறினும் பயிர் பாழாகும். கோப்பு காத்திருக்கும், பயிர் காத்திராது.

மேலிருந்து வரும் ஆணை மட்டும் ஊரை உயர்த்துமோ? 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் நாட்டில் தொடங்கப் பெற்றது. அலுவலர் பலர் அமர்த்தப் பெற்றனர், பணமும் செலவாயிற்று. ஆயினும், மக்கள் அதனைத் தம்முடைய பணியாகக் கருதி முன்வந்தாரிலர். பல்வந்த்ராய் மேத்தா குழுவினர் 1957-இல் இக்குறையை எடுத்துக்காட்டி, மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றங்களிடம் அதிகாரத்தை ஒப்படைக்குமாறு கூறினர். 1992-இல் நிறைவேறிய எழுபத்து மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தம் ஊராட்சிகளுக்கு உறுதியான இடம் தந்தது.

இன்று ஊராட்சியின் வாக்காளர் அனைவரும் கிராம சபையின் உறுப்பினர் ஆவர். எப்பணி முதலில் வேண்டும் என்று உரைக்கவும், வரவு செலவுக் கணக்கைக் கேட்கவும் அவர்கட்கு உரிமை உண்டு. அவ்வுரிமையைப் பயன்படுத்தாத ஊரில், தேவை ஒன்றாகவும் திட்டம் வேறொன்றாகவும் முடிதல் கூடும்.

ஏர் பிடிப்போன் தன் தேவையை அஞ்சாது கூறுதல் வேண்டும். எழுதுகோல் பிடிப்போன் அதனைச் செவிகொடுத்துக் கேட்டு, காலந்தாழ்த்தாது செய்தல் வேண்டும். மாணவர்களே! பதினெட்டு வயது நிரம்பி வாக்காளராகும்பொழுது நீவிரும் அச்சபையில் அமர்வீர். அன்று வாளா இராது, உம் ஊரின் குறையை எடுத்துரைக்க இன்றே அறிவு பெறுவீராக.