மாட்டின் வயிற்றில் மறைந்திருக்கும் புழுக்கள்

கேமரன் மலையில் உள்ள திரிங்காப் குளிர்ச்சியான ஊர். மழையும் மூடுபனியும் அங்கு அதிகம். தேயிலைக்கும் காய்கறிக்கும் ஏற்ற அந்த ஈரம், மாடுகளைத் தாக்கும் குடற்புழுக்களுக்கும் ஏற்றதாகும். நம் நாட்டுத் தோட்டங்களில் தமிழர்கள் பாலுக்காகவும் எருவுக்காகவும் மாடு வளர்த்து வந்துள்ளனர். ஆகவே, இப்புழுக்களைப் பற்றி அறிந்துகொள்வது நமக்குப் பயன் தரும்.

குடற்புழு மாட்டின் உடலுக்குள் எவ்வாறு செல்கிறது? உருண்டைப்புழுக்களின் முட்டைகள் சாணத்தோடு வெளியேறுகின்றன. சாணத்திலேயே அவை பொரித்து இளம்புழுக்களாகின்றன. ஏறத்தாழ ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரங்களுக்குள் அவை நோய் பரப்பும் நிலையை அடைகின்றன. பின்னர், பனித்துளியின் ஈரத்தைப் பற்றிக்கொண்டு புல்லின் மேல் ஏறுகின்றன. அப்புல்லை மேயும் மாட்டின் வயிற்றுக்குள் சென்று வளர்ந்து, மீண்டும் முட்டையிடுகின்றன.

கன்றுகளே இப்புழுக்களால் அதிகம் பாதிக்கப்படுகின்றன. வளர்ந்த மாடுகளுக்கு நாளடைவில் எதிர்ப்பாற்றல் உண்டாகிறது. எனினும், அவை முற்றிலும் தப்பிவிடுவதில்லை. கன்று ஈனும் காலத்திலும் தீனி குறையும்போதும் அந்த ஆற்றல் தளர்கிறது. மேலும், கொழுத்துத் தோன்றும் பசுவும் தன் சாணத்தின் வழி முட்டைகளைப் பரப்பக்கூடும். அதே இடத்தில் மேயும் கன்றுகளே அதனால் துன்பப்படும்.

கல்லீரல் தட்டைப்புழுவோ வேறு வகையைச் சேர்ந்தது. அது நீரில் வாழும் சிறிய நத்தைகளின் உடலில் வளர்ந்து, பின் நீரோரப் புல்லில் ஒட்டிக்கொள்கிறது. மாடுகள் எத்தனை வயதானாலும் இதற்கு எதிராகப் போதிய எதிர்ப்பாற்றலைப் பெறுவதில்லை. இப்புழு தாக்கிய மாடு மெலியும், பால் குறையும், சில வேளைகளில் தாடையின் கீழ் வீக்கம் தோன்றும்.

இதற்கு மருந்து உண்டு. அவற்றுள் ஒன்றான ஐவர்மெக்டின், ஜப்பானின் மண்ணில் கிடைத்த நுண்ணுயிரி ஒன்றிலிருந்து உருவானது. அதன் கண்டுபிடிப்புக்குக் காரணமான வில்லியம் கேம்பல், சத்தோஷி ஓமுரா ஆகிய இருவருக்கும் 2015-ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஆனால், ஐவர்மெக்டின் கல்லீரல் தட்டைப்புழுவைக் கொல்லாது. எந்தப் புழுவோ, அதற்குரிய மருந்தையே கொடுக்க வேண்டும்.

‘அடிக்கடி மருந்து கொடுத்தால் கவலையில்லை’ எனச் சிலர் எண்ணுகின்றனர். அது தவறு. ஒவ்வொரு முறையும் மருந்துக்குத் தப்பிய புழுக்களே பெருகுகின்றன. இறுதியில் மருந்து பயனற்றுப் போகிறது. நம் நாட்டின் ஆட்டுப் பண்ணைகளில் இந்நிலை ஏற்பட்டுள்ளதை ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர். மாட்டின் எடையைக் குறைவாக மதிப்பிட்டு, அளவு குறைத்துக் கொடுப்பதும் இதே தீங்கை விளைவிக்கும்.

எனவே, முதலில் சாணத்தைப் பரிசோதிக்க வேண்டும். ஒரு கிராம் சாணத்தில் எத்தனை முட்டைகள் உள்ளன என்பதை நுண்ணோக்கியின் வழி எண்ணலாம். இதற்குக் கால்நடை சேவைத் துறையை நாடலாம். மெலிந்த மாடு, கன்று ஈனப்போகும் பசு எனத் தேவையானவற்றுக்கு மட்டும் கால்நடை மருத்துவரின் ஆலோசனைப்படி மருந்து கொடுப்பதே சிறப்பு. மருந்து உண்ட பசுவின் பாலை, மருத்துவர் குறிப்பிடும் நாள்வரை அருந்தவோ விற்கவோ கூடாது.

மருந்தைவிட வருமுன் காப்பதே மேல். பனி உலர்ந்த பிறகு மாடுகளை மேய விடலாம். இளம்புழுக்களில் பெரும்பாலானவை தரையை ஒட்டியே இருப்பதால், புல்லை ஒட்ட அறுக்காமல் சற்று உயரத்தில் அறுக்கலாம். நத்தைகள் வாழும் ஓடையோரப் புல்லைத் தவிர்க்கலாம். சாணத்தைக் குவித்து மட்கச் செய்தால், குவியலின் உட்சூட்டில் பெரும்பாலான முட்டைகள் அழியும். காய்கறித் தோட்டத்துக்கு நல்ல எருவும் கிடைக்கும். வாயில்லாச் சீவன் தன் வலியைச் சொல்லாது. அதை வளர்ப்பவரே கவனித்து அறிய வேண்டும்.