கையோடு வருபவை – 9: சட்டைப்பையில் ஒரு மின்சூள்

பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகங்களில் 'மின்சூள்' என்று அச்சிடப்பட்டிருப்பதும், எங்கள் தீவுக் கிராமமான நாரந்தனையில் நாங்கள் எல்லோரும் 'ரோச்' என்று சொல்லிப் பழகியதுமான சிறு கருவியைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது, கருவியைவிட அதன் பெயருக்குள் எரிந்துகொண்டிருக்கும் பழைய சூள்தான் என் சிந்தையை முதலில் இழுத்தது. காய்ந்த பனையோலையை இறுகக் கட்டி, நுனியில் தீ மூட்டி, பரவைக்கடலின் முழங்கால் நீரில் நடந்து நண்டு பிடித்தவர்கள் கையில் இருந்தது அந்தச் சூள்; வீசினால் சுடர் ஓங்கும், தாழ்த்திப் பிடித்தால் அடங்கும். வெளிச்சத்தின் பிரமாணம் பிடித்தவன் மணிக்கட்டில் இருந்தது என்பதை மட்டும் வாசகர் நினைவில் வைத்துக்கொண்டால், இவ்வாரம் நான் சொல்லப்போவதில் பாதி சொல்லியாயிற்று.

மின்சாரம் இந்தச் சூளுக்குள் புகுந்த கதை நீளமானதன்று. காகிதக் குழாயொன்றில் உலர்மின்கலங்களை அடுக்கி முனையில் குமிழைப் பொருத்திய கருவிக்கு, டேவிட் மைசெல் என்பவர் பெயரில் 1899 ஜனவரி 10ஆம் திகதி அமெரிக்காவில் உரிமம் வழங்கப்பட்டது. அக்காலத்துக் கலமும் குமிழும் தொடர்ந்து எரியும் திராணியற்றவை. அழுத்தினால் ஒரு கணம் மின்னும், விட்டுவிட வேண்டும். அமெரிக்கர் இன்றும் அதனைப் 'பிளாஷ்லைற்' என்று வழங்குவது அந்தப் பலவீனத்தின் ஞாபகமாகத்தான். எங்கள் ஊருக்கு அது வந்தபோது பலம் பெற்று, மூன்று பற்றறி கொள்ளும் நீண்ட உலோகக் குழாயாக வந்தது. விடியற்புறம் புகையிலைத் தோட்டத்துக்கு இறைக்கப் போனவர்கள் அதைக் கமக்கட்டில் இடுக்கிக்கொண்டு போவார்கள். நாய்க்கும் கள்ளனுக்கும் ஆயுதமாக உதவியதே தவிர, சட்டைப்பைக்கு அது உரியதாக இருக்கவில்லை.

சிறிய வெளிச்சத்தின் மதிப்பை எனக்குக் கற்பித்தது, வெளிச்சமே அற்றுப்போன காலம். 1990 ஜூனில் மீண்டும் யுத்தம் மூண்டு, யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்று, தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் பற்றறியும் சேர்ந்த பிறகு, தீவை விட்டு இடம்பெயர்ந்து வலிகாமத்தில் உறவினர் வீட்டு விறாந்தையில் தங்கியிருந்த எங்களுக்கு, ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அப்பஞ்சு நனையுமளவு மாத்திரம் மண்ணெண்ணெய் விட்டு, சைக்கிள் வால்கட்டையில் திரி கோத்து எரித்த விளக்கே தீபமாயிற்று. சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்தி, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோ மின்சாரத்தில் மற்றவர்கள் செய்தி கேட்டோம். என்னிடம் ஒரு பென்ரோச் இருந்தது. செத்த பற்றறிகளைக் காலை முதல் வெயிலில் காயவைத்தால் அன்றிரவு சில நிமிஷம் உயிர் வரும். படியில் கால் வைக்குமுன் ஓர் அழுத்து. படலைக் கயிற்றைத் தேட ஓர் அழுத்து. செம்மஞ்சளாய்ச் சோர்ந்த அந்த ஒளியில் நான் ஒருநாளும் தடுக்கி விழுந்ததில்லை.

ஆகையால், 2022 மார்ச் மாத முடிவில் நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு என்ற நிலை வந்து, நானும் புதிதாக ஒன்று வாங்குவோமென்று யாழ்ப்பாணம் பெரியகடைக்குப் போனபோது, கடைக்காரப் பையன் உற்சாகத்தோடு எடுத்துக் காட்டிய பெட்டியைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது.

"ஐயா, இது ஆயிரம் மீற்றர் அடிக்கும்."

"எங்கட ஊரில ஆயிரம் மீற்றருக்கு அங்கால கடலெல்லோ, தம்பி. கடலில நான் என்னத்தைப் பார்க்கிறது?"

பெட்டியில் எழுதப்படும் மீற்றருக்கு ஒரு சூட்சுமம் உண்டு. 2009இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட நியமப்படி, ஒளி 0.25 லக்ஸாகத் தேய்ந்துபோகும் இடமே அதன் தூர எல்லை. அதாவது, முகில் இல்லாத பூரணை நிலவு தரும் வெளிச்சம். பூரணையன்று எங்கள் ஒழுங்கை வெண்மணலில் அந்த வெளிச்சம் பணமின்றியே கிடைக்கின்றது. தூரத்தை இரட்டிப்பாக்க ஒளிச்செறிவு நான்கு மடங்காக வேண்டும். அந்தச் செறிவைத் தேடிய கருவி ஒளியை ஈட்டிபோல் குவித்து, காலடியை இருளில் விட்டுவிடும். காரைநகர்க் கோவளத்து வெளிச்சவீடு கப்பலுக்காக நிற்பது. அதன் அடியில் செருப்பைத் தேடுபவனுக்காக அன்று.

நான் கேட்பது, எவ்வளவு கூட எரியும் என்பதையன்று, எவ்வளவு குறைய எரியும் என்பதை. முழு இருளுக்குக் கண் பழக இருபது முப்பது நிமிஷம் செல்லும். நடு இரவில் பேரொளியை அழுத்தினால் அந்தப் பழக்கம் அத்தனையும் நொடியில் அழிந்து, அணைத்தவுடன் மனிதன் குருடனாகின்றான். ஆகவே முதல் அழுத்தில் மங்கலாய் எரியும் கருவியே உத்தமம். அடுத்தது நிறம். நீல ஒளி உமிழும் டயோட்டைக் கண்டதற்காக ஜப்பானில் பிறந்த மூவர் 2014இல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்த நீலத்தின் மேல் மஞ்சட் பூச்சுப் பூசியே வெள்ளொளி உண்டாக்குகிறார்கள். மலிந்த சரக்கில் நீலம் மிஞ்சி நிற்கும். காய்ந்த பனைமட்டையும் மணலும் சருகும் அதில் ஒரே சாம்பல். சற்று மஞ்சள் கலந்த ஒளியில்தான் கபிலம் கபிலமாகத் தெரியும்.

பற்றறி விஷயத்தில் நான் பழமைவாதி. 18 மில்லிமீற்றர் பருமனும் 65 மில்லிமீற்றர் நீளமுமுள்ள லிதியம் கலம் வீரியமுடையதுதான். ஆனால் அது தீர்ந்துபோன இரவில் ஊர்க் கடையில் மாற்றுக் கிடையாது, பென்ரோச் பற்றறியோ கற்பூரம் விற்கும் கடையிலும் கிடைக்கும். அதற்கும் ஒரு துர்க்குணம் உண்டு: வெளிநாட்டிலிருந்து மருமகன் கொண்டுவந்த அழகிய மின்சூளொன்றை, பத்திரமாக இருக்கட்டுமென்று அலுமாரியில் வைத்து மறந்துவிட்டேன், எட்டு மாதத்துக்குப் பின் திறந்தால், பற்றறி கசிந்து வெள்ளை உப்புப் பூத்து மூடி இறுகிக் கிடந்தது. தேசிக்காய்ச் சாறு விட்டுக் கழுவியும் பயனில்லை. அன்று முதல் ரோச் என் சட்டைப்பையில்தான். பையில் தானாக எரிந்து சுடாதிருக்க, பின்மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தி வைக்கிறேன். அதைத் திரும்ப இறுக்கும்போது பெருவிரலில் உணரப்படும் மரைகளின் வழுவழுப்பு ஓர் அற்ப சந்தோஷம். மனைவி அதைச் சிறுபிள்ளைத்தனம் என்பாள்.

போன கிழமை கிணற்றடிக்குப் புறப்பட்டபோது, "பூச்சி பொட்டுக் கிடக்கும், ரோச்சைக் கொண்டு போங்கோ" என்றாள் அவள். நான் எப்போதும் ரோச்சை இடுப்புக்குக் கீழே தாழ்த்திப் பிடிப்பவன். கண்ணுக்கருகில் பிடித்த ஒளி நிழல்களை விழுங்கிவிடும், தாழ்ந்த ஒளியோ சிறு கல்லுக்கும் நீண்ட நிழல் கொடுக்கும். மங்கலான அந்த மஞ்சளொளியில், துலாக்காலுக்கருகே சருகினிடையே ஒரு நிழல் மட்டும் வட்டமாக விழுந்திருந்தது. அசையாமல் நின்றேன். சுருட்டை தன் செதில்களை ஒன்றோடொன்று உராய்ந்து, அரத்தால் தேய்ப்பதுபோல் சற்று நேரம் ஒலித்தது. பிறகு பக்கவாட்டாக நெளிந்து வேலிக்குள் மறைந்தது.

"என்னப்பா, இவ்வளவு நேரம்?" என்று குசினியிலிருந்து குரல் வந்தது.

"ஒண்டுமில்லை," என்றேன். "ஒரு பூச்சி."

(தொடரும்)