பூடான் பயணம்: முதலில் மாதம், பிறகு டிக்கெட்

கோடை விடுமுறை நெருங்கிவிட்டால் டில்லித் தமிழர் வீடுகளில் ஊர்ப்பயணப் பேச்சு தொடங்கிவிடும். சிம்லாவும் மணாலியும் பார்த்து அலுத்தவர்கள் இப்போது பூடானைப் பற்றிப் பேசுகிறார்கள். இந்தியர்களுக்கு அங்கே விசா வேண்டாம். பாஸ்போர்ட் இல்லாதவர்களுக்கு வாக்காளர் அடையாள அட்டையே போதும். பூடானின் நாணயமான நூல்ட்ரமும் நம் ரூபாயும் சம மதிப்புடையவை. திம்பு என்ற பெயர் தமிழர்களுக்குப் புதிதும் அல்ல. 1985இல் இலங்கைத் தமிழர் பிரச்னை குறித்த பேச்சுவார்த்தை அந்தத் தலைநகரில்தான் நடைபெற்றது.

இத்தனை சௌகரியம் இருப்பதால் பலர் விடுமுறைத் தேதியைப் பார்த்து டிக்கெட் எடுத்துவிட்டு, அதன் பிறகே அங்கே வெயிலா மழையா என்று விசாரிக்கிறார்கள். பூடானைப் பொறுத்தவரை இது தலைகீழான முறை. மாதத்தை முடிவு செய்த பிறகுதான் டிக்கெட்டைப் பற்றி யோசிக்க வேண்டும்.

ஒவ்வோர் இரவுக்கும் கட்டணம்

காரணம் பணம்தான். கொரோனாவுக்காக மூடிய எல்லையை 2022 செப்டம்பரில் மீண்டும் திறந்தபோது, இந்தியப் பயணிகளுக்கு ஆளுக்கு ஓர் இரவுக்கு 1,200 ரூபாய் என்று பூடான் அரசு கட்டணம் விதித்தது. 6 முதல் 12 வயது வரையுள்ள குழந்தைகளுக்குப் பாதி. அதற்கும் சிறியவர்களுக்கு இல்லை. கணவன், மனைவி, எட்டு வயதிலும் பத்து வயதிலும் இரண்டு பிள்ளைகள் என்றால் ஓர் இரவுக்கு 3,600 ரூபாய். ஐந்து இரவுக்கு 18,000. ஓட்டல், சாப்பாடு, வண்டி வாடகை எல்லாம் தனி. மழையில் பாதை அடைபட்டு அறைக்குள்ளேயே கிடந்தாலும் அந்த இரவுக்கும் கட்டணம் உண்டு. சம்பளக்காரக் குடும்பத்துக்கு இது சின்னத் தொகை அல்ல.

மே, ஜூன்: ஏமாற்றும் மாதங்கள்

டில்லிப் பள்ளிகளுக்கு மே நடுவிலிருந்து ஜூன் முடிய விடுமுறை. பூடானிலோ மே கடைசியில் மழை தலைகாட்டத் தொடங்கிவிடும். ஜூனில் பருவமழை பிடித்துக்கொண்டால் செப்டம்பர் வரை விடாது. எல்லை ஊரான புன்ட்ஷோலிங்கிலிருந்து திம்பு செல்லும் மலைப்பாதையை இந்திய எல்லைச் சாலை அமைப்பின் 'தண்டக்' பிரிவு 1961இல் போடத் தொடங்கியது. அதற்கு முன் 1958இல் பூடான் சென்ற பிரதமர் நேரு, திபெத்தின் சும்பிப் பள்ளத்தாக்கு வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போக முடிந்தது. இன்று அதே நாட்டுக்குள் காலையில் காரில் ஏறினால் மாலைக்குள் தலைநகரை அடைந்துவிடலாம். ஆனால் மழைக்காலத்தில் மண்சரிவு வந்தால் அந்தக் கணக்கு பொய்த்துவிடும். வழியிலுள்ள கெடு பகுதியில் பனிமூட்டம் பத்தடி தூரத்தைக்கூட மறைத்துவிடுவது உண்டு. பாரோ விமான நிலையமும் மலைகளுக்கு நடுவே இருப்பதால், மேகம் சூழ்ந்தால் விமானங்கள் தாமதமாகும்.

மழைக்காலத்திலும் அழகு இல்லாமல் இல்லை. பாரோ பள்ளத்தாக்கின் வயல்கள் நம் தஞ்சைப் பக்கத்தைப் போலப் பச்சென்று இருக்கும், கூட்டமும் குறைவு. ஆனால் இமயத்தின் பனிச் சிகரங்களைக் காண ஆசைப்படுவோர் அந்த நாட்களில் மேகத்தை மட்டும் பார்த்துத் திரும்ப நேரலாம்.

பங்குனியில் பூக்கோலம்

பள்ளிப் பிள்ளைகள் உள்ளவர்களுக்குப் பொருத்தமானது மார்ச் கடைசி வாரம். ஆண்டுத் தேர்வு முடிந்து புது வகுப்பு தொடங்கும் முன் கிடைக்கும் சிறு இடைவெளி அது. நீலகிரியில் காட்டுப் பூவரசு என்று சொல்கிறோமே, அதன் இனத்தைச் சேர்ந்த ரோடோடென்ட்ரான் மரங்கள் மலைச்சரிவுகளில் சிவப்பும் வெள்ளையுமாகப் பூக்கும் காலம். பாரோவின் பெரிய திருவிழாவான 'செச்சு'வும் மார்ச் அல்லது ஏப்ரலில் வரும். அதன் கடைசி நாள் விடியுமுன் பிரம்மாண்டமான துணிச் சித்திரம் ஒன்றைத் தொங்கவிட்டு, வெயில் படுமுன் சுருட்டி வைத்துவிடுவார்கள். பூடானியர்கள் சந்திரக் கணக்குப்படி விழா நடத்துவதால் தேதி ஆண்டுதோறும் மாறும். நம் பஞ்சாங்கத்தைப் போல முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

வானம் தெளியும் ஐப்பசி, கார்த்திகை

செப்டம்பர் இறுதியில் மழை விலகும். அதை ஒட்டி ஒரு புண்ணிய நாளும் உண்டு. அன்று எல்லா நீரும் புனிதமாகிறது என்று நம்பி அதிகாலையில் நீராடுவார்கள். அக்டோபரிலும் நவம்பரிலும் வானம் கண்ணாடிபோல் இருக்கும். திபெத்தியப் பீடபூமியிலிருந்து கருங்கழுத்துக் கொக்குகள் போப்ஜிகா பள்ளத்தாக்குக்கு வந்து சேரும். ஆண்டுதோறும் நவம்பர் 11ஆம் தேதி அங்குள்ள காங்டே மடத்தில் அவற்றுக்காகவே விழா நடக்கிறது.

ஆனால் இந்தப் பருவத்தில் இடைஞ்சல் மலையில் இல்லை, ரயிலில் இருக்கிறது. துர்கா பூஜையின்போது வங்காளிகள் மலைப் பிரதேசங்களுக்குப் புறப்படுவார்கள். தீபாவளிக்கும் சட் பூஜைக்கும் டில்லியிலிருந்து பீகார் செல்லும் கூட்டம் கிழக்கே போகும் எல்லா வண்டிகளையும் நிரப்பிவிடும். சட் பூஜை முடிந்தபின் புறப்படுவதே புத்திசாலித்தனம். அப்போதும் திரும்பும் திசையில் நெரிசல் இருக்கும் என்பதால் இரு வழிக்கும் சேர்த்தே பதிவு செய்யவேண்டும். 2024 நவம்பர் முதல் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் தொடங்குகிறது. நவம்பர் 20இல் புறப்படுவோருக்கு செப்டம்பர் 21 முக்கியமான நாள்.

இறங்க வேண்டிய ஸ்டேஷன் ஹாசிமாரா. டில்லியிலிருந்து மஹானந்தா எக்ஸ்பிரஸும், கல்கத்தா சியால்தாவிலிருந்து காஞ்சன்கன்யா எக்ஸ்பிரஸும் அங்கே நிற்கும். அங்கிருந்து எல்லை சுமார் 20 கிலோமீட்டர்.

குளிர்காலம்

டிசம்பர், ஜனவரியில் திம்புவின் இரவுகள் உறைநிலைக்குக் கீழே போகும். பகலில் நல்ல வெயில் அடிக்கும். சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் தாழ்வாக அமைந்த புனாகாவில் குளிர் மிதம். அதனால்தான் பூடானின் தலைமைத் துறவியும் பிக்குகளும் ஆண்டுதோறும் குளிர்காலத்துக்குத் திம்புவை விட்டுப் புனாகா கோட்டை மடத்துக்கு இடம் பெயர்கிறார்கள். அவர்களைப் பின்பற்றுவது பயணிகளுக்கும் நல்லது. ஆனால் கங்கைச் சமவெளியின் மூடுபனியால் டில்லி ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும் மாதங்களும் இவையே. போகும்போதும் வரும்போதும் ஒரு நாளைக் கூடுதலாக ஒதுக்கி வைக்கவேண்டும்.

பெற்றோரை அழைத்துச் செல்வோர்

ஊரிலிருந்து வந்திருக்கும் வயதான பெற்றோரையும் அழைத்துச் செல்வோர் உயரத்தை மறக்கக் கூடாது. புன்ட்ஷோலிங் சுமார் 300 மீட்டர். திம்பு 2,300 மீட்டருக்கு மேல். பாறை விளிம்பில் 1692இல் கட்டப்பட்டு, 1998 தீ விபத்துக்குப் பின் புதுப்பிக்கப்பட்ட 'புலிக்கூடு' மடமான தக்ட்சாங், 3,000 மீட்டரைத் தாண்டிய இடம். இரண்டு மூன்று மணி நேரம் ஏறவேண்டும். பயணத்தின் முதல் நாளிலேயே அதை வைத்துக்கொள்ளாமல், உடல் பழகியபின் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். இதய நோய், மூச்சுத்திணறல் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் கிளம்புவது ஆபத்து.

ஆதார் அட்டை எல்லையில் செல்லாது. பிள்ளைகளுக்குப் பாஸ்போர்ட் அல்லது பிறப்புச் சான்றிதழின் அசல் தேவை. பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். திம்பு, பாரோவைத் தாண்டிச் செல்லத் தனி அனுமதி பெறவேண்டும். கட்டணமும் விதிகளும் மாறக்கூடியவை. புறப்படுமுன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நலம்.

சுருங்கச் சொன்னால், பூவும் திருவிழாவும் வேண்டுவோர் மார்ச் இறுதியையும், பனிச் சிகரமும் கொக்குக் கூட்டமும் காண விரும்புவோர் நவம்பரையும் தேர்ந்தெடுக்கட்டும். ஜூன் விடுமுறை மட்டுமே கிடைக்கும் என்போர், அந்தப் பணத்தை அஞ்சலகத்தில் போட்டுவிட்டு அடுத்த மார்ச்சுக்குக் காத்திருக்கலாம். பூடான் அங்கேயேதான் இருக்கும்.