முள் ஏன் மல்லாந்து நீந்தணும்?

அம்பத்தூர் ஏரிக்கரையில சாயங்காலம் நின்னு பார்த்திருக்கீங்களா? பொடிக்கெண்டைக் கூட்டம் திடீர்னு சிதறித் துள்ளும். கீழே விரால் வந்துடுச்சுன்னு அர்த்தம். அந்தப் பொடிமீனை முடியும் நூலும் வெச்சு முள் மேல கட்டுறதும் 'ஃப்ளை டையிங்'தான். பேருதான் ஈ, நாம கட்டப்போறது மீன்குஞ்சு.

இதுல உலகம் முழுக்கப் பேர்போனது 'க்ளௌசர் மின்னோ'. 1987-ல அமெரிக்காவின் பென்சில்வேனியாவுல பாப் க்ளௌசர், சஸ்குவெஹானா ஆத்து பாஸ் மீனுக்காக உருவாக்கினது. டம்பெல் மாதிரி ரெண்டு உலோகக் கண்ணைத் தண்டோட மேல்பக்கம் கட்டினார். மேல இருக்கிற கனம் தண்ணியில நிலையா நிக்காது, புரண்டு கீழே போயிடும். அப்போ முள்ளோட கூர் வானத்தைப் பார்க்கும். கல்லுல, வேர்ல மாட்டுறது குறையும்.

என் முதல் முயற்சி சொதப்பல். ஹார்ட்வேர் கடை மணிச்சங்கிலியில ரெண்டு மணியை வெட்டிக் கட்டினேன். உள்ளே வெறும் கூடு, கனமே இல்ல. முதல் வருஷம் படிச்ச மொமென்ட் கணக்குதான் இது. முள்ளோட வளைவு தண்டை விட்டுத் தள்ளித் தொங்குது. கண்ணோ தண்டை ஒட்டி இருக்கு. தூரம் கம்மின்னா எடை கூடணும் இல்லையா? கூடல. கூர் கீழேயே பார்த்துச்சு, ஆகாயத்தாமரை வேர்ல மாட்டி லைன் அறுந்துச்சு. ரெண்டு வாரம் கழிச்சு அதே கரையில ஒரு நீர்க்காகம், அலகுல நைலான் நூல் தொங்க உட்கார்ந்திருந்தது. என்னுதா, வேற யாருதான்னு தெரியல. கிட்ட போனதும் பறந்துடுச்சு.

அதனால கண் பித்தளையில இருக்கட்டும். எஸ்டேட்ல லேத் பட்டறை வெச்சிருக்கிற தெரிஞ்ச அண்ணன் யாராவது இருந்தா சின்னதா கடைஞ்சு தருவார். ஈயம் வேண்டாம், நீர்ப்பறவைக்கு விஷம். அமெரிக்காவுல மான்வால் முடி கட்டுவாங்க. இங்க மான் உறுப்பைத் தொட்டா 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாயும். வெள்ளாட்டு வால்முடியோ நைலான் சவுரியோ போதும்.

முள்ளைக் கை வைஸ்ல பிடிச்சு, தண்டு முழுக்க நூலைச் சுத்துங்க. முள்ளின் காதுலேர்ந்து மூணுல ஒரு பங்கு தள்ளி, தண்டு மேல கண்ணை வெச்சு எட்டு வடிவத்துல இறுக்கி, ஒரு சொட்டு ஃபெவிக்விக். அதே பக்கம் வெள்ளை முடி, ரெண்டு கண்ணுக்கும் நடுவுல படியணும். இப்போ முள்ளைத் திருப்பி, கூர் இருக்கிற பக்கம் நாலு இழை ஜிகினா, அதுக்கு மேல பச்சையோ கறுப்போ முடி. நீந்தும்போது இதுதான் முதுகு, வெள்ளை வயிறு. முடி கொஞ்சமா இருக்கட்டும். நிறைய வெச்சா துடைப்பம்தான். காதுக்குப் பின்னாடி முடிச்சுப் போட்டு, நுனிக்குப் பின்னாடி எதிர்ப்பக்கம் நிக்கிற சின்னக் கூரைக் குறட்டால அமுக்கிடுங்க. மீனோ பறவையோ மாட்டினா சுலபமா கழட்டலாம்.

ஏரிக்குப் போறதுக்கு முன்னாடி வாளித் தண்ணியில இழுத்துப் பாருங்க. புரளலைன்னா கண்ணை மாத்துங்க. ஏரியில மீன் குத்தகை இருக்கான்னு வலை போடுறவங்ககிட்டயும் கேட்டுக்கோங்க. வீசி, ஒரு சாண் இழுத்து, விடுங்க. தலைகுப்புற விழும்போதுதான் பெரும்பாலும் அடிக்கும்.

தண்ணி மேல செம்மஞ்சள் குஞ்சுங்க கொத்தா மிதந்தா மட்டும் அங்க வீசாதீங்க. கீழே பெரிய விரால் காவல் நிக்கும், எதைப் போட்டாலும் கோபத்துல கடிக்கும். அதைத் தூக்கிட்டா குஞ்சு அத்தனையும் மத்த மீனுக்கு இரை.