ராஜினாமா எழுதுமுன்

விபத்தில் காலை இழந்தோ, பக்கவாதத்தால் ஒரு கை செயலற்றுப் போயோ ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய சர்க்கார் ஊழியரிடம், "இனி உங்களுக்கு எதற்கு சார் இந்தச் சிரமம், எழுதிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருங்கள்" என்று காரியாலயத்து நண்பர்களே பரிவோடு சொல்லுவதுண்டு. சொல்லுகிறவர் மனத்தில் வஞ்சனை சிறிதும் இராது. ஆயினும் அந்தப் பரிவுக்கு இணங்கிக் கையெழுத்திட்டவர், சட்டம் தமக்கென்று வைத்திருந்த பாதுகாப்பைத் தம் கையாலேயே துறந்தவராகிறார்.

2016-இல் இயற்றப்பெற்று, 2017 ஏப்ரல் 19 முதல் அமலுக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 20-ஆவது பிரிவு, பணிக்காலத்தில் ஊனம் நேர்ந்த ஊழியரை அரசு ஸ்தாபனம் வேலையினின்று நீக்கவோ, பதவி குறைக்கவோ கூடாது என்று விதிக்கிறது. பழைய வேலை இயலாதெனில், அதே சம்பள விகிதமும் பணிப் பயன்களும் உள்ள வேறு பதவிக்கு அவரை மாற்ற வேண்டும். அதற்கும் வழியில்லாத பட்சத்தில், தகுந்த பதவி கிடைக்கும் வரையிலோ ஓய்வு பெறும் வயது வரையிலோ, எது முந்தியதோ அதுவரை, மிகைப் பணியிடம் ஒன்றில் அவரை வைத்துக்கொள்ளலாம். ஆகவே அவர் எழுத வேண்டியது ராஜினாமா அன்று. மாற்றுப்பணி கோரும் விண்ணப்பம். அதன் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் பெற்றுக்கொள்வது மிக அவசியம். வாய்வார்த்தையாகக் கேட்டது காற்றோடு போய்விடும். விண்ணப்பம் பயனற்றுப் போனால் அந்த ஸ்தாபனத்தின் குறைதீர் அலுவலரிடம் புகார் பதியலாம். அவர் இரண்டு வாரத்துக்குள் விசாரிக்கக் கடமைப்பட்டவர். அங்கும் திருப்தியில்லையேல் மாற்றுத்திறனாளிகளுக்கான மாவட்டக் குழு உண்டு; அவர்களுக்கான மாநில ஆணையரும் இருக்கிறார். ஆணையரின் பரிந்துரையை ஏற்க மறுக்கும் அதிகாரி, மூன்று மாதத்துக்குள் காரணம் சொல்லியாக வேண்டும்.

புதிதாக வேலை தேடுவோர்க்கு, 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனம் என்ற மருத்துவச் சான்றே திறவுகோல். அரசுப் பணிகளில் 4 சதவீத ஒதுக்கீடு அதைக் கொண்டே கிடைக்கிறது.

தனியார் துறைக்கு வரும்போது சட்டத்தின் குரல் சற்றுத் தாழ்ந்துவிடுகிறது என்பதை மறைப்பதற்கில்லை. 5 சதவீதம் என்ற இலக்கு அங்கே ஊக்கத்தொகையால் எட்ட வேண்டியதேயன்றிக் கட்டாயமன்று. இருப்பினும் சம வாய்ப்புக் கொள்கையை வெளியிடும் கடமை ஒவ்வொரு ஸ்தாபனத்துக்கும் உண்டாகையால், நேர்முகத்துக்குச் செல்பவர் அதைக் காட்டும்படி கேட்பதில் தவறொன்றுமில்லை. முதன்முறை சட்டத்தை மீறுவோர்க்கு அபராதம் பத்தாயிரம் ரூபாய் வரைதான். பெரிய கம்பெனி அதைத் தேநீர்ச் செலவில் எழுதிவிடும்!

சட்டம் தயங்கும் இவ்விடத்தில்தான் ஊரார் கூட்டுறவு பயன்படுகிறது. 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்த ராமகிருஷ்ணன், தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கம், தொழிற்பயிற்சியோடு நில்லாமல், சுற்றுக் கிராமங்களின் வீடு தேடிச் சென்று மறுவாழ்வுப் பணி செய்துவருகிறது. பயிற்சி பெற்ற பெண்ணுக்கு வேலை கொடுக்க ஒரு முதலாளி முன்வந்தாலும், வீட்டார் அஞ்சினால், பஸ்ஸின் முதற்படி எட்டாவிட்டால், அந்த வேலை அவளுக்கு வேலையே அன்று. வீட்டார் அச்சத்தை அயலார் பேசிப் போக்கலாம். ஊரின் பொதுக் கட்டடங்களில் படிகளுக்குப் பக்கத்தில் சாய்தளம் அமைப்பது ஊராட்சியின் காரியம். கிராம சபை கூடும் நாளில், பள்ளிக்கூடத்துக்கும் ரேஷன் கடைக்கும் எத்தனை படி, எவ்வளவு உயரம் என்று அளந்து எழுதிக்கொண்டு போய், அதைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றும்படி கேட்கலாம்.