செவிலியர் கைகள் பழகுவது எப்படி?

மருத்துவமனையில் நோயாளிக்குக் குளுகோஸ் ஏற்றுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கட்டிலருகே ஒரு கம்பியில் புட்டி தலைகீழாகத் தொங்கும். அதிலிருந்து திரவம் சொட்டுச் சொட்டாக இறங்கும். செவிலியர் வருகிறார். கடிகாரத்தைப் பார்க்கிறார். குழாயிலுள்ள சிறு சக்கரத்தை இலேசாகத் திருகுகிறார். பிறகு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறார். அரை நிமிட வேலைதான்! இதைக் கற்க ஆண்டுக்கணக்கில் பயிற்சி எதற்கு? வாருங்கள், பார்ப்போம்.

முதல் நோயாளி ஒரு பொம்மை

நீச்சலைப் புத்தகம் படித்துக் கற்க முடியாது. செவிலியர் தொழிலும் அப்படித்தான். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நீச்சல் பழகுபவர் தவறு செய்தால் தண்ணீர் குடிப்பது அவரே. செவிலிய மாணவர் தவறு செய்தால் துன்பப்படுவது நோயாளி. ஆகவே முதல் பயிற்சி நோயாளியிடம் நடப்பதில்லை, பொம்மையிடம் நடக்கிறது.

1911-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு மருத்துவமனையில் இயங்கிய பயிற்சிப் பள்ளிக்கு ஆளுயரப் பொம்மை ஒன்று வந்து சேர்ந்தது. குழந்தைகளுக்கான பொம்மைகள் செய்வதில் பெயர் பெற்ற மார்த்தா சேஸ் என்பவர் அதைச் செய்துகொடுத்தார். 'திருமதி சேஸ்' என்று அதற்குப் பெயரும் வந்துவிட்டது. படுத்திருப்பவரைப் புரட்டுவது, உடை மாற்றுவது, உடலைத் துடைப்பது ஆகியவற்றை மாணவிகள் அதனிடம் பழகினர். 1960-இல் நார்வே நாட்டின் லேர்டல் என்பவர் மூச்சு நின்றவருக்கு மூச்சு ஊதிப் பழகுவதற்கான பொம்மையை வெளியிட்டார்.

இன்று செவிலியர் கல்லூரிகளில் இத்தகைய பொம்மைகள் நிறைந்த பயிற்சிக்கூடம் உண்டு. இதயம் நின்றுபோன பெரியவரின் மார்பை 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். இந்த எண்களை மனப்பாடம் செய்ய ஒரு நிமிடம் போதும். ஆனால் 5 செ.மீ. அழுத்த எவ்வளவு பலம் வேண்டும் என்பது கைக்குத் தெரிய வேண்டுமே! அதற்குத்தான் பொம்மை.

நாடியும் மூச்சும்

அடுத்து, ஆசிரியரின் மேற்பார்வையில் மாணவர் வார்டுக்குள் நுழைகிறார். சோப்பினால் கை கழுவியபின், அல்லது கிருமிநீக்கித் திரவம் தடவியபின்தான் நோயாளியைத் தொடலாம். ஒரு நோயாளியைத் தொட்ட கையோடு அடுத்தவரிடம் போகவே கூடாது.

நாடி பார்ப்பது எளிது என்று நினைக்கிறீர்களா? மணிக்கட்டில், பெருவிரல் பக்கமாக, ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் மெதுவாக வையுங்கள். துடிப்பு தெரிகிறதா? பெருவிரலால் பார்க்கக் கூடாது. அதற்குள்ளும் நாடி துடிப்பதால், உங்கள் துடிப்பையே நோயாளியின் துடிப்பாக எண்ணிவிடுவீர்கள். ஓய்வாக இருக்கும் பெரியவருக்கு நிமிடத்துக்கு 60 முதல் 100 துடிப்புகள் இருக்கும்.

மூச்சை எண்ணுவதில் ஒரு தந்திரம் இருக்கிறது. "உங்கள் மூச்சை எண்ணப் போகிறேன்" என்று சொன்னால், நோயாளி தம்மை அறியாமலே மூச்சை மாற்றிவிடுவார். எனவே நாடியை எண்ணி முடித்த பின்னும் விரல்களை மணிக்கட்டிலேயே வைத்திருந்து, மார்பு ஏறி இறங்குவதைக் கண்ணால் எண்ணுவார்கள்.

சொட்டுக் கணக்கு

இனி நாம் தொடக்கத்தில் பார்த்த புட்டிக்கு வருவோம். "500 மி.லி. திரவத்தை 4 மணி நேரத்தில் ஏற்றவும்" என்று மருத்துவர் எழுதியிருக்கிறார். நிமிடத்துக்கு எத்தனை சொட்டு விழ வேண்டும்? வழக்கமான ஒரு குழாயில் 20 சொட்டு சேர்ந்தால் 1 மி.லி. எனவே 500 மி.லி. என்பது 10,000 சொட்டு. 4 மணி என்பது 240 நிமிடம். 10,000-ஐ 240-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 42. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே 42 சொட்டு விழுமாறு சக்கரத்தைத் திருக வேண்டும். செவிலியர் அரை நிமிடத்தில் செய்தது இதைத்தான்.

இப்போது 5 கிலோ எடையுள்ள ஒரு கைக்குழந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். 120 மி.லி. திரவத்தை 6 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். அதாவது மணிக்கு 20 மி.லி. இதற்குச் சிறுசொட்டுக் குழாய் உண்டு. அதில் 60 சொட்டு சேர்ந்தால்தான் 1 மி.லி. எனவே நிமிடத்துக்கு 20 சொட்டு.

அவசரத்தில் ஒருவர் பெரியவர்களுக்கான குழாயை மாட்டி, அதே 20 சொட்டு விழச் செய்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். என்ன ஆகும்? நிமிடத்துக்கு 1 மி.லி. இறங்கும், மணிக்கு 60 மி.லி.! ஆறு மணி நேரத்துக்கான திரவம் இரண்டே மணியில் உள்ளே போய்விடும். அந்தக் குழந்தையின் உடலில் உள்ள இரத்தமே சுமார் 400 மி.லி. தான். திரவம் மிகுந்தால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறலாம். சொட்டு எண்ணிக்கை சரி; ஆனால் சொட்டின் அளவு வேறு. குழாயின் உறையில் அச்சிட்டிருப்பதை ஒவ்வொரு முறையும் படிக்க வேண்டும் என்று ஆசிரியர்கள் கண்டிப்பாகச் சொல்வது இதனால்தான். அளவைத் தானே காத்துக்கொள்ளும் மின்பம்புகள் இன்று பல மருத்துவமனைகளில் உள்ளன. ஆனால் அந்தப் பம்பில் எண்ணைப் பதிவு செய்வதும் மனிதக் கைதானே!

ஐந்து கேள்விகள்

மருந்து கொடுக்குமுன் மாணவர் ஐந்து கேள்விகளைத் தம்மையே கேட்டுக்கொள்ளப் பழகுகிறார். சரியான நோயாளியா? சரியான மருந்தா? சரியான அளவா? சரியான வழியா, அதாவது வாய் வழியா, ஊசி வழியா? சரியான நேரமா? முதல் கேள்வி வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் ஒரே வார்டில் இரண்டு லட்சுமிகள் படுத்திருக்கக் கூடும். "நீங்கள் லட்சுமிதானே?" என்று கேட்டால் அரைத்தூக்கத்தில் இருப்பவர் யாராயினும் "ஆம்" என்று சொல்லிவிடலாம். "உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டு, கையில் கட்டிய பட்டையையும் பார்ப்பதுதான் முறை.

நீங்களும் சேரலாம்

1860-இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் பிளாரன்ஸ் நைட்டிங்கேலின் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. நம் வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் 1909-இல் செவிலியர் பள்ளி தொடங்கினார். 1946-இல் அங்கே பட்டப்படிப்பும் வந்தது. இன்று பி.எஸ்சி. நர்சிங் நான்காண்டுப் படிப்பு. கடைசி அரையாண்டில் மாணவர் மருத்துவமனையிலேயே முழுநேரம் பணியாற்றிப் பயிற்சி பெறுகிறார். பெண்கள் மட்டுமல்ல, ஆண்களும் படிக்கிறார்கள். மேல்நிலை வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும்.

முடிக்குமுன் உங்களுக்கு ஒரு கணக்கு. 1,000 மி.லி. திரவத்தை 20 சொட்டுக் குழாயில் 8 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? விடை மேலே உள்ள ஒரு விடையைப் போலவே இருக்கும். ஏன் என்று கண்டுபிடியுங்கள்.