அவசரம் என்ற ஆயுதம்

‘உங்கள் மகன் ஆஸ்பத்திரியில் இருக்கிறான், உடனே பணம் அனுப்புங்கள்’ என்று வரும் தொலைபேசிக் குரல் நாடு முழுவதும் குடும்பங்களைப் பதறவைக்கிறது. குரல் நிஜமா, மோசடியா என்று கண்டுபிடிக்கச் சில நிமிடங்கள் போதும். அந்த நிமிடங்களைத்தான் மோசடிக்காரர்கள் முதலில் பறித்துக்கொள்கிறார்கள்.

பாட்னாவில் ஒரு நடுத்தர வீடு என்று வைத்துக்கொள்வோம். மகன் ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் தொலைவில், ராஜஸ்தானின் கோட்டாவில், மருத்துவ நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறான். மதியம் அம்மா தனியாக இருக்கும்போது கைபேசி ஒலிக்கிறது. பேசுபவர் தன்னை டாக்டர் என்கிறார். மகனின் பெயரைச் சரியாகச் சொல்கிறார். “ஆட்டோ மோதிவிட்டது. தலையில் அடி. உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும். நாற்பதாயிரம் கட்டினால்தான் உள்ளே கொண்டுபோக முடியும். இந்த எண்ணுக்கு அனுப்புங்கள்.” பின்னணியில் யாரோ முனகும் சத்தம். பிறகு வேறொரு குரல், “அம்மா” என்று அழுகிறது. அந்தத் தாய் மகனின் எண்ணுக்கு முயன்றால் அது அணைத்துவைக்கப்பட்டிருக்கும். அவன் வகுப்பில் இருக்கும் நேரம் அது.

இந்த வீடு கற்பனை. ஆனால் அந்த உரையாடல் ஒரு நாடக வசனம்போல ஊர் ஊராக, மொழி மொழியாகத் திரும்பத் திரும்பப் பேசப்படுகிறது. லக்னோவில் மகளுக்கு விபத்து, லூதியானாவில் கனடாவில் இருக்கும் தம்பிக்கு மாரடைப்பு, நாக்பூரில் அண்ணனின் பழைய நண்பருக்கு ரத்தம் தேவை என்று பாத்திரங்கள் மட்டும் மாறுகின்றன. நோயாளியின் உயிருக்கு ஆபத்து, நேரம் இல்லை, பணம் ஒரு தனி நபரின் எண்ணுக்குப் போக வேண்டும் என்ற மூன்றும் மாறுவதே இல்லை.

இந்த வகை மோசடி ஒரு பெரிய வியாபாரத்தின் சிறு கிளை. மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தந்த கணக்குப்படி, சைபர் மோசடிகளில் இந்தியர்கள் 2023இல் இழந்தது ரூ. 7,465 கோடி. 2024இல் அது ரூ. 22,845 கோடியாக, அதாவது ஏறக்குறைய மூன்று மடங்காக உயர்ந்தது. ஒரு காலத்தில் இத்தகைய அழைப்புகள் என்றாலே போலீஸாருக்கு ஜார்க்கண்டின் ஜாம்தாராதான் நினைவுக்கு வரும். பின்னர் ஹரியானா, ராஜஸ்தான் எல்லைகளில் பரந்திருக்கும் மேவாத் பகுதியும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. இன்று கம்போடியாவிலும் மியான்மரிலும் இருக்கும் மோசடிக் கூடங்களிலிருந்தும் வலை வீசப்படுகிறது.

உத்தியும் மாறியிருக்கிறது. ஜாம்தாரா இளைஞர்கள் வங்கி மேலாளர் வேஷம் போட்டு அட்டை எண்ணையும் ஓடிபியையும் கேட்டார்கள். ரகசிய எண்ணை யாரிடமும் சொல்லக்கூடாது என்று வங்கிகள் ஓயாமல் சொல்லி வந்ததில் ஜனங்கள் ஓரளவு விழித்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரி அழைப்பில் யாரும் எந்த ரகசியத்தையும் கேட்பதில்லை. பாதிக்கப்பட்டவரே தன் கையால் எண்ணை அழுத்தி, தன் மனதாரப் பணத்தை அனுப்புகிறார். எந்தப் பூட்டும் உடைக்கப்படுவதில்லை.

பயம் ஒன்றே இதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆபத்தில் கிடப்பவருக்கும் சிகிச்சைக்கும் நடுவே பில் கவுன்டர் நிற்கிறது என்ற நம்பிக்கை இந்தியக் குடும்பங்களில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அது அனுபவத்தில் பிறந்த நம்பிக்கை. ‘முன்பணம் கட்டுங்கள், பிறகு பார்க்கலாம்’ என்ற பதிலை எங்காவது ஒரு சொந்தக்காரர் கேட்டிருப்பார். 2021இல் கொரோனாவின் இரண்டாவது அலையின்போது ஆக்சிஜன் சிலிண்டருக்கும் ரெம்டெசிவிர் ஊசிக்கும் முகம் தெரியாதவர்களின் கணக்குகளில் தில்லிவாசிகள் முன்பணம் போட்டார்கள். பலருக்குப் பொருள் வரவேயில்லை. நிஜமான ஆஸ்பத்திரிகள் பழக்கிவிட்ட அச்சத்தைத்தான் போலி டாக்டர் அறுவடை செய்கிறார்.

சட்டம் சொல்வதோ வேறு. 1980களில் ஒரு ஸ்கூட்டர்காரர் கார் மோதி விழுந்தார். அவரைத் தூக்கிக்கொண்டு ஓடியவரை, போலீஸ் வழக்குக்குரிய நோயாளிகளை இங்கே பார்ப்பதில்லை என்று சொல்லி, 20 கிலோமீட்டர் தள்ளியிருந்த இன்னொரு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். வழியிலேயே உயிர் பிரிந்தது. பத்திரிகைச் செய்தியில் இதைப் படித்த பரமானந்த் கடாரா உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அரசு மருத்துவமனையோ தனியாரோ, எந்த மருத்துவராக இருந்தாலும் உயிரைக் காக்க உடனடி சிகிச்சை தருவது கடமை, எந்தச் சடங்கும் சம்பிரதாயமும் அதற்குக் குறுக்கே நிற்கக்கூடாது என்று 1989 ஆகஸ்டில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அதற்குப் பிறகும் வேலிகள் போடப்பட்டிருக்கின்றன. கட்டணப் பாக்கிக்காக நோயாளியைப் பிணையாகப் பிடித்துவைக்கக்கூடாது என்று 2017இல் தில்லி உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் கண்டித்தது. தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் தயாரித்த நோயாளி உரிமைச் சாசனமும் இதையே சொல்கிறது. சாலை விபத்துக்கென்றே தனித் திட்டம் ஒன்று 2025 மே மாதம் அறிவிக்கையானது. மோட்டார் வாகன விபத்தில் அடிபட்ட எவருக்கும், அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைகளில் ஏழு நாட்கள் வரை, ரூ. 1.5 லட்சம் வரை ரொக்கமில்லா சிகிச்சைக்கு அது வழி செய்கிறது.

காகிதத்தில் இருப்பதெல்லாம் கவுன்டரில் கிடைத்துவிடுவதில்லை என்பது உண்மை. நிஜமான மருத்துவமனைகளும் பணத்துக்காக அழைக்கத்தான் செய்கின்றன. ஆனால் பாட்னா தாய்க்குச் சட்டம் ஒரு பெரிய தைரியத்தைத் தருகிறது. பணம் அனுப்பாத ஐந்து நிமிடத்தால் மகன் உயிர் போய்விடும் என்ற மிரட்டல் எடுபட வேண்டியதில்லை. அழைப்பு நிஜமாகவே இருந்தாலும், முதலுதவியும் உயிர்காக்கும் சிகிச்சையும் அந்த ஐந்து நிமிடத்துக்காகக் காத்திருக்கக்கூடாது. விசாரித்துப் பார்ப்பதால் பிள்ளைக்குத் துரோகம் செய்துவிட்டோமோ என்று யாரும் கூசத் தேவையில்லை.

எப்படி விசாரிப்பது? முதல் காரியம் அழைப்பைத் துண்டிப்பது. மோசடிக்காரர் அஞ்சுவது இதற்குத்தான். அதனால்தான் ‘போனை வைக்காதீர்கள்’ என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். வைப்பதற்கு முன் சில கேள்விகளைக் கேட்டுவிடலாம்: மருத்துவமனையின் முழுப் பெயர், எந்தப் பகுதி, எந்த வார்டு, நோயாளியின் பதிவு எண், கொண்டுவந்து சேர்த்தது யார். உண்மையான ஊழியரிடம் இதற்கெல்லாம் பதில் இருக்கும். மற்றவருக்குக் கோபம் வரும்.

பிறகு அவர் கொடுத்த எண்ணுக்கு அல்லாமல், தானாகத் தேடி எடுத்த எண்ணுக்குப் பேச வேண்டும். இதிலும் ஒரு கண்ணி உண்டு. இணையத் தேடலில் முதலில் வந்து நிற்கும் ‘உதவி எண்’ சில சமயம் மோசடிக்காரர்களே போட்டுவைத்ததாக இருக்கும். மருத்துவமனையின் சொந்த இணையதளத்தில் உள்ள எண்தான் நம்பகமானது. அதைவிட உறுதியான வழி, அந்த ஊரில் இருக்கும் மனிதர்கள். விடுதிக் காப்பாளர், அறை நண்பன், பயிற்சி மையத்தின் அலுவலகம், வீட்டுக்காரர் என்று நான்கு எண்களைப் பிள்ளை ஊருக்குப் புறப்படும் நாளிலேயே எழுதி வாங்கி வைத்துக்கொள்ளும் குடும்பத்தை ஏமாற்றுவது கடினம்.

பணம் போகுமிடத்தைப் பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். யுபிஐ செயலி, பணம் அனுப்புவதற்கு முன் பெறுபவரின் பெயரைக் காட்டுகிறது. மருத்துவமனைக்குப் போக வேண்டிய பணம் யாரோ ஒரு தனி ஆளின் பெயருக்கு ஏன் போக வேண்டும்? ‘கேஷியரின் சொந்தக் கணக்கு’, ‘சர்வர் வேலை செய்யவில்லை’ என்ற விளக்கங்கள் வந்தால் அதற்கு மேல் ஆராய எதுவும் இல்லை.

அழுகிற குரல் பிள்ளையின் குரல் மாதிரியே இருந்தால்? இன்று அதுவும் சாத்தியம். சமூக ஊடகங்களில் கிடக்கும் சில விநாடி ஒலிப்பதிவைக் கொண்டு செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் ஒருவரின் குரலைப் போலவே பேசிக்காட்டுகின்றன. அதற்கு எதிரான மருந்து பாட்டி காலத்து எளிமை கொண்டது. வீட்டாருக்கு மட்டும் தெரிந்த ஒரு சொல்லை முன்பே பேசி வைத்துக்கொள்வது. அல்லது பக்கத்து வீட்டு நாயின் பெயரைக் கேட்பது.

இதே மோசடிக்கு வேறு முகங்களும் உண்டு. “உங்கள் அப்பாவுக்கு நான் பணம் தர வேண்டும். ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், உங்கள் கணக்கில் போடுகிறேன்” என்று ஒருவர் பேசுவார். 5,000 ரூபாய்க்குப் பதில் 50,000 வரவு வைக்கப்பட்டதாக எஸ்எம்எஸ் வரும். “தவறிப்போய் அனுப்பிவிட்டேன், இங்கே பில் கட்ட வேண்டும், மிச்சத்தைத் திருப்பி அனுப்புங்கள்” என்று கெஞ்சுவார். எஸ்எம்எஸ் வங்கியிலிருந்து வந்தது அல்ல. ஒரு சாதாரண கைபேசியிலிருந்து அவரே எழுதி அனுப்பியது. கணக்கைத் திறந்து இருப்பைப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். நல்ல மனசுக்காரர்கள்தான் பார்க்காமல் அனுப்பிவிடுகிறார்கள்.

எல்லா அழைப்பும் பொய்யாக இருக்காது. விசாரித்ததில் செய்தி உண்மை என்று தெரிந்தாலும், கேட்ட தொகையை மூச்சுவிடாமல் அனுப்ப வேண்டியதில்லை. எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு என்று எழுத்தில் மதிப்பீடு கேட்கலாம். விபத்து என்றால் ரொக்கமில்லா சிகிச்சைத் திட்டத்தை நினைவூட்டலாம். காப்பீடு இருந்தால் அட்டையின் படத்தை அனுப்பலாம். ரொக்கமில்லா சிகிச்சைக்கான அனுமதியைக் காப்பீட்டு நிறுவனம் ஒரு மணி நேரத்துக்குள் முடிவு செய்ய வேண்டும் என்பது ஒழுங்காற்று ஆணையம் 2024 மே மாதம் போட்ட விதி. தகுதியுள்ள குடும்பங்களுக்கு ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் ஆண்டுக்கு ரூ. 5 லட்சம் வரை பாதுகாப்பு இருக்கிறது. 70 வயதைத் தாண்டியவர்களுக்கு, வருமானம் எதுவானாலும், 2024 அக்டோபர் முதல் அது விரிவாக்கப்பட்டது.

பணம் போயே போய்விட்டது என்றால்? அப்போதுதான் அவசரம் நிஜமாகவே தேவைப்படுகிறது. அழைக்க வேண்டிய எண் 1930. 2021இல் தொடங்கிய இந்த ஏற்பாட்டில் போலீஸாரும் வங்கிகளும் ஒரே வலையில் இணைக்கப்பட்டிருக்கின்றன. புகார் பதிவானதும், பணம் எந்தக் கணக்குக்குப் போனதோ அந்த வங்கிக்குத் தகவல் பறக்கிறது. பணம் இன்னும் அங்கே இருந்தால் முடக்கப்படுகிறது. அங்கிருந்து வேறு கணக்குக்குத் தாவியிருந்தால் துரத்தல் தொடர்கிறது. வாடகைக்குக் கொடுக்கப்பட்ட கணக்குகள் வழியாகப் பணம் சில மணி நேரத்திலேயே பல துண்டுகளாகச் சிதறி, ஏடிஎம்களில் ரொக்கமாகிவிடும் என்பதால் முதல் ஒரு மணி நேரம் பொன்னானது. பரிவர்த்தனை எண், தொகை, நேரம், அழைத்த எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் வேலை வேகமாக நடக்கும். பணம் இழக்காமல் தப்பியவர்களும் அந்த எண்ணைத் தொலைத்தொடர்புத் துறையின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் உள்ள ‘சக்ஷு’ பகுதியில் தெரிவிக்கலாம்.

ரிசர்வ் வங்கியின் 2017ஆம் ஆண்டு விதிகள், வாடிக்கையாளருக்குத் தெரியாமல் நடந்த திருட்டுக்குத்தான் முக்கியமாகப் பாதுகாப்பு தருகின்றன. தானே அழுத்தி அனுப்பிய பணத்தை வங்கி ஈடுகட்டும் என்று நம்பியிருக்க முடியாது. ஏமாற்றியவருக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவில் ஏழாண்டு வரை சிறை காத்திருக்கிறது. ஆனால் சிறைத் தண்டனை பணத்தைத் திருப்பித் தருவதில்லை.

பலர் அந்தப் பொன்னான நேரத்தை வெட்கத்தில் தொலைக்கிறார்கள். ‘படித்தவள் ஏமாந்துவிட்டாள்’ என்று பிள்ளைகள் சொல்வார்களோ, ‘என்னைக் கேட்காமல் ஏன் அனுப்பினாய்’ என்று கணவர் கத்துவாரோ என்று வயதானவர்கள் விஷயத்தை மூடி மறைக்கிறார்கள். இந்த மோசடியில் சுரண்டப்படுவது பேராசை அல்ல, பாசம். லாட்டரி விழுந்ததாகச் சொல்லி ஏமாற்றப்பட்டவரைப் பார்த்துச் சிரிக்கும் ஊர், பிள்ளைக்காகப் பதறியவரைப் பார்த்துச் சிரிக்க நியாயமில்லை. வீட்டில் திட்டு விழாது என்று தெரிந்தால்தான் அம்மா 1930ஐ அழைப்பார்.

பாட்னா வீட்டில் அந்தத் தாய் போனை வைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து விடுதிக் காப்பாளரின் எண். கை நடுங்குகிறது, இரண்டு முறை தவறாக அழுத்துகிறார். மூன்றாவது முறை காப்பாளர் எடுக்கிறார். பையன் காலையில் சாப்பிட்டுவிட்டு வகுப்புக்குப் போனான், ஆறு மணிக்குத்தான் வருவான் என்கிறார். ஆளை அனுப்பிப் பார்த்துவரச் சொல்கிறேன் என்றும் சொல்கிறார். அதற்குள் அந்த ‘டாக்டர்’ மூன்று முறை அழைத்துவிட்டார். நான்காவது முறையும் மணி அடிக்கிறது. அவர் எடுக்கவில்லை.